"ஃபிரிட்ஜ்ல ரெண்டு குப்பி இருந்துச்சு டாக்டர்"

திண்டுக்கல் பக்கத்துல ஒரு ஊர்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. நீளமான லெட்டர், சுருக்கி போடுறேன். ஹீமோபிலியா ஏனா ரத்தத்த உறைய வெக்கற ஃபேக்டர் 8ங்கற புரதம் குறையா இருக்கற பிறவி நோய், சிவியர்னா அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல; லெட்டர்ல ஃபேக்டர்னு வரது அந்த குறைய நிரப்ப நரம்புல போடுற மருந்து.

"என் பையனுக்கு 9 வயசு, 24 கிலோ, சிவியர் ஹீமோபிலியா ஏ. போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு படியில சறுக்கி விழுந்து பின்மண்டைல இடிச்சிருக்கான். சொன்னா ஊசி போடுவாங்கனு பயந்து எங்ககிட்ட சொல்லவே இல்ல. ஞாயித்துக்கிழமை தலைவலினு படுத்தான், வெயில்ல ஆடுனதாலனு நினைச்சேன். திங்கக்கிழமை காலைல ரெண்டு தடவ வாந்தி. பித்தம்னு நினைச்சு பக்கத்து கிளினிக்குக்கு கூட்டிட்டு போனோம், இடுப்புல ஊசி போட்டு அனுப்பிட்டாங்க, அந்த எடம் வீங்கிடுச்சு. மத்தியானம் தூங்கிகிட்டே இருந்தான், எழுப்புனா கண்ண தொறந்துட்டு மறுபடி சாஞ்சுட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, அப்பறம்தான் ஃபேக்டர்னாங்க. அதுல ரெண்டரை மணி நேரம் போச்சு. போட்டதும் 500 யூனிட்தான். மதுரைக்கு அனுப்புனாங்க, 16 நாள் இருந்தோம், ஆபரேஷன் இல்லாமலே பொழச்சுட்டான். இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் 500 யூனிட் போடுறோம், ஃபிட்ஸ் வராம இருக்க சிரப் குடுக்குறோம். எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ரெண்டு 500 யூனிட் குப்பி இருந்துச்சு டாக்டர், முட்டி வீங்குனா போடுறதுக்குனு குடுத்தது. அத நான் அன்னிக்கே போட்டிருக்கலாமா? இனிமே தலைல லேசா இடிச்சாகூட ஸ்கேன் எடுக்கணுமா? தோலுக்கு அடியில போடுற புது ஊசி ஆரம்பிக்கலாம்னு சொல்றாங்க, அது போட்டா இந்த பயம் போயிடுமா? மாமியார் எல்லாம் என்னாலதான்னு சொல்றாங்க."

அம்மா, மொதல்ல அந்த குப்பி விஷயத்துக்கே வரேன், ஏன்னா லெட்டர்ல அத நாலு எடத்துல எழுதியிருக்கீங்க, ராத்திரி தூங்க விடாம அதுதான் ஓடிகிட்டு இருக்குனு புரியுது. ஆமா, போட்டிருக்கலாம். இல்லனு பொய் சொல்ல மாட்டேன், ஏன்னா அடுத்த தடவ நீங்க போடணும். ஆனா அந்த குப்பிய கைல குடுத்தவங்க "இது முட்டிக்கு மட்டும் இல்ல, தலைல அடிபட்டா இதத்தான் மொதல்ல போடணும்"னு ஒரு வரி சேத்து சொல்லியிருந்தா நீங்க போட்டிருப்பீங்க. சொல்லாம விட்டது எங்க ஆளுங்க தப்பு, உங்களுது இல்ல. அதுவும் இல்லாம பையன் விழுந்ததே உங்களுக்கு திங்கக்கிழமைதான் தெரியும். தெரியாத ஒண்ணுக்கு ஒரு தாய் எப்படி மருந்து போட முடியும்?

ஹீமோபிலியாகாரங்களுக்கு மூட்டுல ரத்தம் கட்டுறது வலி, முடக்கம், வருஷக்கணக்கான கஷ்டம், சரி. ஆனா உயிர எடுக்கற ப்ளீடிங்னா மொத எடத்துல நிக்கறது மூளைல வரதுதான். மண்டை ஓடு பானை மாதிரி, உள்ள ரத்தம் சேந்தா வெளிய தள்ள எடம் கிடையாது, மூளையத்தான் அமுக்கும். எல்லாருக்கும் ரத்தம் உறைஞ்சு தானா நிக்குற எடத்துல இவங்களுக்கு மெதுவா கசிஞ்சுகிட்டே இருக்கும், அதனாலதான் சனிக்கிழமை விழுந்தவன் திங்கக்கிழமை மத்தியானம் மயங்குறான். நடுவுல தோசை சாப்பிடுவான், டிவி பாப்பான், வீட்ல யாருக்கும் சந்தேகமே வராது. சில பேருக்கு அடிபட்டதா ஞாபகமே இருக்காது, அடி இல்லாமலே வரதும் உண்டு, பெரியவங்களுக்கு பிபி ஏறி வரதும் உண்டு. இதனால நாங்க வெச்சிருக்கற விதி ஒண்ணே ஒண்ணு: ஹீமோபிலியா பேஷண்ட்டுக்கு தலைல நல்லா அடிபட்டாலோ, வழக்கத்துக்கு மாறா தலைவலி வந்தாலோ மொதல்ல ஃபேக்டர், அப்பறம் ஸ்கேன். உலக ஹீமோபிலியா சம்மேளனத்தோட 2020 வழிகாட்டிலயும் இதேதான், சந்தேகம் வந்த உடனே மருந்து, ஸ்கேனுக்காக மருந்த நிறுத்தி வெக்கக்கூடாது.

ஏன் சில டாக்டருங்க தயங்கறாங்கனு கேட்டா, அவங்க மத்த எல்லா நோய்க்கும் பழகுன வரிசை அது. பாத்துட்டு குடு, கண்டுபிடிச்சுட்டு மருந்து எழுது. ஃபேக்டர் வெல ஜாஸ்தி, ஸ்டாக்குக்கு கணக்கு காட்டணும், ஸ்கேன்ல ஒண்ணும் இல்லேனா வேஸ்ட்டாயிடுமேனு ஒரு எண்ணம். வேஸ்ட் ஆகட்டும். போட்டு தேவைப்படலேனா நஷ்டம் ரெண்டு குப்பி. போடாம விட்டு தேவைப்பட்டிருந்தா?

நானும் பண்ணுன தப்புதான் இது, மறைக்க என்ன இருக்கு. படிச்சு முடிச்சு வேலைக்கு சேந்த புதுசுல ஒரு ராத்திரி டூட்டில 20, 21 வயசு பையன் தலைவலினு வந்தான், தானே நடந்து வந்தான். நான் கேஸ் ஷீட்ல மொத வரியா சிடி பிரெய்ன்னு எழுதுனேன். ஸ்ட்ரெச்சர்ல ஏறும்போது அவனே கேட்டான், "டாக்டர், ஃபேக்டர் போட்டுட்டு போலாமா?"னு. வந்து பாத்துக்கலாம்னு சொன்னேன். அன்னிக்கு மெஷின் வரிசைல ரெண்டு ஆக்சிடென்ட் கேஸ், மூணு மணி நேரம் ஆச்சு, திரும்பி வரும்போது வலது கை தூக்க முடியல. பொழச்சான், இப்பவும் செக்கப்புக்கு வரான், எடது கைல கையெழுத்து போடுவான், நான் அந்த ரெஜிஸ்டர அவன் பக்கம் நகத்தும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த கேள்வி காதுல விழும். அதுக்கப்பறம் என் வார்டுல ஹீமோபிலியா பையன் எவனும் ஃபேக்டர் இல்லாம ஸ்கேன் ரூம் வாசல தாண்டுனது இல்ல.

இப்ப டோஸ். இத நீங்க மனப்பாடமா வெச்சுக்கணும், ஏன்னா ராத்திரி டூட்டில இருக்கற டாக்டர் ஹீமோபிலியா பாத்து வருஷக்கணக்காகூட ஆகியிருக்கலாம். ஹீமோபிலியா ஏக்கு, ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் ஃபேக்டர் 8 போட்டா ரத்தத்துல ரெண்டு சதவீதம் ஏறும். தலைக்கு எங்களுக்கு வேண்டியது 80லேர்ந்து 100 சதவீதம். அப்ப கிலோவுக்கு 50 யூனிட், உங்க பையன் 24 கிலோ, 1200 யூனிட். குப்பி 250லயும் 500லயும் வருதுனா ரெண்டு 500, ஒரு 250, மொத்தம் 1250, மிச்சத்த கீழ ஊத்தாதீங்க, முழுசா போடுங்க. அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரில போட்ட 500 யூனிட்டுக்கு ஏறியிருக்கறது 42 சதவீதம் கிட்ட. முட்டிக்கு அது போதும், அவங்களும் முட்டி கணக்குலதான் போட்டிருப்பாங்க. உங்க ஃபிரிட்ஜ்ல மாவு பாத்திரத்துக்கு பக்கத்துல இருந்த ரெண்டு குப்பிலயும் சேத்து 1000 யூனிட், 83 சதவீதம். உங்கள குத்திக்காட்ட இந்த கணக்கு போடல, வீட்ல இருக்கறது எவ்ளோ பெரிய ஆயுதம்னு தெரியணும்னுதான். இப்பவே ரெண்ட மூணா ஆக்கி குடுக்க சொல்லுங்க, பையன் எடை ஏற ஏற கணக்க மாத்துங்க, குப்பில எக்ஸ்பைரி தேதி பாத்து பழச மொதல்ல யூஸ் பண்ணுங்க. கலக்கும்போது சுத்தி சுத்தி மெதுவா கலக்கணும், டானிக் பாட்டில் மாதிரி குலுக்க கூடாது.

ஹீமோபிலியா பி, அதாவது ஃபேக்டர் 9 குறையா இருக்கற வீட்டுக்காரங்களும் இத படிப்பீங்க, உங்களுக்கு கணக்கு வேற. ஃபேக்டர் 9 கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கு ஒரு சதவீதம்தான் ஏறும், சில மருந்துல அதவிட கம்மி, தலைக்கு 60லேர்ந்து 80 சதவீதம் வேணும். இதோட, ஃபேக்டர் இல்லாத ஊர்ல க்ரையோ (தானம் குடுத்த ரத்தத்தோட பிளாஸ்மாலேர்ந்து எடுக்கறது) போடுறேன்னு சொன்னா பிக்கு அது பிரயோஜனமே இல்ல, அதுல ஃபேக்டர் 9 கிடையாது. ஏக்கு ஆகும், ஆனா ஒரு பைல சுமாரா 80 யூனிட்னு வெச்சா 1200க்கு 15 பை வேணும். ரெண்டு பை போட்டுட்டு குடுத்தாச்சுனு சொல்றது குடுக்காததுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான்.

வாசல்ல போய் என்ன பேசணும்னு கேட்டா, சண்டை போடாதீங்க, சண்டை போட்டா டைம் போகும். ஒரு அட்டை எழுதி லேமினேட் பண்ணி ஸ்கூல் பேக்ல ஒண்ணு, உங்க பர்ஸ்ல ஒண்ணு, அப்பா வண்டி பெட்டில ஒண்ணு வெச்சுடுங்க. அதுல பேர், எடை, சிவியர் ஹீமோபிலியா ஏ, இன்ஹிபிட்டர் (போடுற ஃபேக்டர வேல செய்ய விடாம உடம்பு உருவாக்கற எதிர்ப்பு) இருக்கா இல்லையா, தலை அடிக்கு ஃபேக்டர் 8 இத்தன யூனிட் ஸ்கேனுக்கு முன்னாடினு எழுதி உங்க ஹீமோபிலியா டாக்டர் கையெழுத்து, சீல், போன் நம்பர். அட்டைய நீட்டி, "சார், மருந்து எங்க கைலயே இருக்கு, போட்டுட்டு ஸ்கேனுக்கு போறோம், இந்த நம்பர்ல எங்க டாக்டர் பேசுவாங்க"னு சொல்லுங்க. பெரும்பாலும் ஒத்துப்பாங்க. வீட்லயே உங்க ஊர் சிஸ்டரோ நீங்களோ ஏத்திட்டு கிளம்ப முடிஞ்சா இன்னும் நல்லது. நரம்பு கெடைக்கலயா, அதுக்கு அரை மணி நேரம் போராடாதீங்க, ஐஸ் பாக்ஸ்ல எடுத்துட்டு 108ல ஏறுங்க. நம்ம தமிழ்நாட்டு அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல ஃபேக்டர் காசில்லாம குடுக்கறாங்க, ஆனாலும் கைல கொண்டு போறவங்களுக்கு மொத டோஸ் லேட் ஆகாது, அதுதான் விஷயம்.

அப்பறம் அந்த இடுப்பு ஊசி. ஹீமோபிலியாகாரங்களுக்கு தசைல ஊசியே கூடாது, உள்ள ரத்தம் கட்டும், வீங்குனது அதுதான். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்ரூஃபன், ஆஸ்பிரின் மூணும் வேண்டாம், பாராசிட்டமால் குடுக்கலாம், ஆனா தலைவலிக்கு பாராசிட்டமால் குடுத்து தூங்க வெச்சுட்டு காலைல பாக்கலாம்னு மட்டும் எப்பவுமே நினைக்காதீங்க.

இடிச்சா எல்லாத்துக்கும் ஸ்கேனானு கேட்டீங்க. கதவுல நெத்தி லேசா தட்டிட்டு சிரிச்சுகிட்டே ஓடுறவனுக்கு வேண்டாம், கவனிச்சா போதும். படில விழுந்தது, சைக்கிள்ல இருந்து விழுந்தது, பந்தோ கல்லோ வேகமா பட்டது, மண்டைல வீக்கம், இதுக்கெல்லாம் உடனே ஃபேக்டர், உடனே ஆஸ்பத்திரி, ஸ்கேன் வேணுமானு அங்க முடிவு பண்ணட்டும். தலைவலி ஏறிகிட்டே போறது, வாந்தி, அளவுக்கு மீறுன தூக்கம், காரணம் இல்லாத எரிச்சல், நடை தள்ளாடுறது, கழுத்து வலிச்சு குனிய முடியாம போறது, கை கால் வலு குறையறது, வலிப்பு, இதுல ஒண்ணு இருந்தாலும் அடிபட்டுச்சா இல்லையானு விசாரணை பண்ணிகிட்டு நிக்காம அதே வரிசை. மொத ஸ்கேன் நார்மல்னு வந்துட்டா முடிஞ்சுதுனு இல்ல, லேட்டா கசியறதும் உண்டுனு இப்ப உங்களுக்கே தெரியும், ஒரு வாரமாவது கண்ணு மேல வெச்சிருங்க, ராத்திரி எழுப்பி பேர் கேளுங்க, திட்டுவான், திட்டட்டும். கைக்குழந்தை இருக்கற வீடுகள்ல இன்னும் உஷார், அதுக்கு தலைவலினு சொல்ல தெரியாது, பால் குடிக்காம இருக்கறது, உச்சிக்குழி புடைச்சு நிக்கறது, வெளிறி போறது, விடாம அழறதுதான் அடையாளம்.

மதுரைல 16 நாள் வெச்சிருந்தாங்களே, அந்த வார்டுக்கு ஒரு கும்பிடு. நான் பாக்கற குடும்பங்கள்ல பாதி பேர் நாலாம் நாள், அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ் கேப்பாங்க, பையன் வார்டுல ஓடி ஆடுறான், பக்கத்து பெட்ல போய் கேரம் ஆடுறான், எதுக்கு இன்னும் ஊசினு. ஃபேக்டர் 8 ரத்தத்துல 8லேர்ந்து 12 மணி நேரத்துல பாதியாயிடும், அதனால மறுபடி மறுபடி போட்டு மொத ஏழு நாள் அளவ 80லேர்ந்து 100 சதவீதத்துலயே வெச்சிருக்கணும், அதுக்கப்பறம் 21 நாள் வரைக்கும் 50ல வெக்கணும். உள்ள கட்டுன ரத்தம் கரையறதுக்கு நாளாகும், மூடுன வாய் பிஞ்சு மறுபடி கசியறது இந்த நடு வாரத்துலதான் நடக்கும். உங்க கேஸ்ல 17ம் நாள்லேர்ந்து 21 வரைக்கும் என்ன போட்டாங்கனு லெட்டர்ல இல்ல, அது கடந்து போச்சு, விடுங்க. இப்ப போடுற ஒரு நாள் விட்டு ஒரு நாள் 500ங்கறது தடுப்பு டோஸ், கிலோவுக்கு 20 யூனிட் சொச்சம், அடுத்த டோஸுக்கு முன்னாடி ரத்தத்துல ரெண்டு மூணு சதவீதம்தான் மிஞ்சும், குழந்தைங்களுக்கு இன்னும் வேகமா எறங்கும். மூளைல ஒரு தடவ வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு கூடுதல், அதனால இத குறைஞ்சது மூணுலேர்ந்து ஆறு மாசம், என்ன கேட்டா சிவியர் பையனுக்கு நிறுத்தவே வேண்டாம். தீபாவளிக்கு பாட்டி வீட்டுக்கு போனா குப்பியும் கூட போகட்டும். சிரப் லெவிடிராசிடாம்னு பேர் எழுதியிருக்கீங்க, நல்ல மருந்துதான், தீந்து போச்சுனு நீங்களா நிறுத்தாதீங்க, நியூராலஜிஸ்ட் சொல்லி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

அந்த புது ஊசி எமிசிசுமாப், ஹெம்லிப்ரானு விக்கறாங்க. தோலுக்கு அடியில போடுறது, மொத நாலு வாரம் வாரா வாரம், அப்பறம் வாரத்துக்கு ஒண்ணோ, ரெண்டு வாரத்துக்கோ, நாலு வாரத்துக்கோ. நரம்பு தேட வேண்டாம், ஊசிக்கு பயந்து விழுந்தத மறைக்கற பையனுக்கு இத விட என்ன வேணும், கெடைச்சா யோசிக்காம ஆரம்பிங்க. ஆனா அது சிவியர் பையன கிட்டத்தட்ட மைல்டு பையன் மாதிரி ஆக்கும், ஹீமோபிலியாவ எடுத்துடாது. அன்னாடம் வர கசிவ தடுக்கும், படில மண்டை மோதுனா அதுக்கு ஃபேக்டர் 8 மேல போட்டே ஆகணும், ரத்தம் கசிஞ்சுகிட்டு இருக்கும்போது எமிசிசுமாப் எக்ஸ்ட்ரா டோஸ் போட்டா கசிவு நிக்காது, பிரயோஜனம் இல்ல. இன்னொரு பொறி இருக்கு, இத போட்டுக்கறவங்களுக்கு ஏபிடிடி (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுனு பாக்கற டெஸ்ட்) எடுத்தா நார்மல்னு வரும், சாதாரண முறைல ஃபேக்டர் 8 அளந்தா எக்கச்சக்கமா காட்டும். டூட்டி டாக்டர் ரிப்போர்ட்ட பாத்து "ரத்தம் உறையறது நல்லா இருக்கே, ஃபேக்டர் எதுக்கு"னு திருப்பி அனுப்பிடுவார். மாட்டுப் புரதம் வெச்சு பண்ற க்ரோமோஜெனிக் டெஸ்ட்ல மட்டும்தான் சரியான அளவு வரும், அது எல்லா லேப்லயும் கெடையாது. அட்டைல இதுக்கு ஒரு தனி வரி: எமிசிசுமாப் போடுறோம், ஏபிடிடிய நம்பாதீங்க. இன்ஹிபிட்டர் இருக்கறவங்களா இருந்தா இன்னொரு வரி, எமிசிசுமாப் மேல ஃபீபா வேண்டாம், ஃபேக்டர் 7ஏ குடுங்கனு (ரெண்டும் இன்ஹிபிட்டர் இருக்கறவங்களுக்கு ரத்தத்த நிறுத்த போடுற மருந்து), ஏன்னா ஃபீபா அளவு கூடுனா சின்ன ரத்தக்குழாய்கள்ல ரத்தம் உறைஞ்சு கட்டி வேற ஆபத்து வந்துடும்.

ஸ்கூலுக்கு அனுப்பலாம். சைக்கிள் ஹெல்மெட்டோட ஓட்டட்டும், நீச்சல் நல்லது, ஃபிட்ஸ் மருந்து முடியற வரைக்கும் கூட ஒரு பெரிய ஆள் எறங்கணும், கபடி வேண்டாம். அவன உக்கார வெச்சு ஒரு ஒப்பந்தம் போடுங்க: விழுந்தத உடனே சொன்னா திட்டு கெடையாது. அத நீங்களும் காப்பாத்தணும், சொன்ன அன்னிக்கு "உன்ன யாரு அங்க போக சொன்னா"னு வாய தொறந்தீங்கனா அடுத்தது சொல்ல மாட்டான். க்ளாஸ் டீச்சர்கிட்டயும், அழலேனாலும் ரத்தம் வரலேனாலும் தலைல பட்டா எனக்கு ஒரு போன்னு சொல்லி வைங்க.

மாமியாருக்கு என்ன சொல்றது. ஹீமோபிலியா அம்மா வழியா வரும்ங்கறது உண்மை, ஆனா மூணுல ஒருத்தர் வீட்ல முன்னாடி யாருக்குமே இருந்தது இல்ல, புதுசா வரதுதான். வழியா வந்தாலும் அது நீங்க பண்ணது இல்ல. முடிஞ்சா அவங்களையும் அடுத்த செக்கப்புக்கு கூட்டிட்டு போய் டாக்டர் வாயால கேக்க வைங்க, மருமக சொன்னா ஏறாது, வெள்ளை கோட்டு சொன்னா ஏறும், நம்ம வீடுகள் அப்படித்தான்.

நீங்க அனுப்புன டிஸ்சார்ஜ் சம்மரிய ரெண்டு தடவ படிச்சேன். ஸ்கேன் ரிப்போர்ட், மருந்து லிஸ்ட் எல்லாம் இருக்கு, இன்ஹிபிட்டர் டெஸ்ட் பத்தி ஒரு வரி இல்ல. தொடர்ந்து அஞ்சு நாளுக்கு மேல ஃபேக்டர் ஏறுனா உடம்பு அத எதிர்க்க ஆரம்பிக்கலாம், சிவியர் ஏல இது அபூர்வம் இல்ல, அப்படி வந்துட்டா ஃபிரிட்ஜ்ல எத்தன குப்பி இருந்தாலும் வேல செய்யாது. இப்படி தொடர்ச்சியா போட்டது முடிஞ்சு நாலு வாரத்துக்குள்ள பாக்கணும், உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. எமிசிசுமாப் ஆரம்பிச்சதுக்கு அப்பறம் இந்த டெஸ்ட்டும் சாதாரண லேப்ல குழப்பும், அதனால அதுக்கு முன்னாடியே ரத்தம் குடுத்துடுங்க. திங்கக்கிழமை ஓபி சீட்டு போடும்போதே கேளுங்க, ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க.